பச்சைக் கோட்டு

1977 அக்டோபர் 14, வெள்ளி. கும்மிடிப்பூண்டி

ஸ்டோரில் இன்றும் மழைத் தண்ணீர். கையுறை மூட்டை இரண்டு நனைந்துவிட்டது. கூரையைப் பற்றி மூன்று தடவை மேலே எழுதிக் கொடுத்தாயிற்று. நாலாவது தடவையும் எழுதுவேன். எழுதுவதற்குத்தானே ஸ்டோர்கீப்பர் என்று ஒருவனை வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆலை மனமகிழ் மன்றத்தில் புது டெலிவிஷன். மன்றச் செயலாளர் கோபால், வார்ப்படப் பிரிவில் கிரேன் ஓட்டுகிறவன், மெட்ராஸ் போய்த் தானே மடியில் வைத்துக் கொண்டுவந்தான். கூடவே ஒரு கண்ணாடித்தாள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, அடியில் பச்சை. அதைத் திரைமேல் ஒட்டிவிட்டால் கலர் டெலிவிஷனாம். "ஃபாரின்ல எல்லாம் இத்தான் சாரே" என்றான். வானமும் வயலும் வந்தால் சரி. மனுஷன் உட்கார்ந்து பேசினால்? தலைமயிர் நீலம், முகம் ஆரஞ்சு, சட்டை பச்சை.

வெள்ளிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சியில் வாலிபால். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வாலிபால் என்றால் சோறு வேண்டாம். எண்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தைக் காட்டுமுன் வர்ணனையாளர் மேஜைக்குப் பின்னாலிருந்து வணக்கம் சொன்னார். பெரிய கோட்டு. தோள் இரண்டு பக்கமும் அவரை விட்டுத் தள்ளி நின்றது.

"இன்னாபா, இவுரு கோட்ட போட்டுகினு வந்தாரா, கோட்டு இவர போட்டுகினு வந்துச்சா?" என்றான் ஃபர்னஸ் தாவீது.

மன்றமே அதிர்ந்தது. நானும் நன்றாகச் சிரித்தேன். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

ரங்கா. என் தம்பி. பதினோரு வருஷம் கழித்து, ஆரஞ்சு முகத்தோடு.

அக்டோபர் 15, சனி. திருவள்ளூர்

வாராவாரம் போல சனிக்கிழமை பஸ். பெரியபாளையத்தில் வேப்பிலையும் பொங்கல் பானையுமாக ஒரு குடும்பம் ஏறி, பானையை என் மடியில் வைத்துவிட்டது. இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஊர் வரும் வரை பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. என் மனைவி ஸத்யபாமாவிடமும் சொல்லவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். ரங்கா திருநின்றவூர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பவன். 1966-ல் அதே பள்ளிக்கூடத்து டீச்சர் விக்டோரியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றார் அப்பா. ஒரு டிரங்குப் பெட்டியோடு போனான்.

அந்தப் பெட்டிக்குள் போனதுதான் அந்தக் கோட்டு. அது என்னுடையது! என் கல்யாண வரவேற்புக்குத் தேரடித் தையல்காரர் தைத்துக் கொடுத்தது. பாக்குக் கலர். அப்போது நான் இன்னும் அகலம். பிறகு ரங்கா வேலைக்கு இன்டர்வியூ போக அவனுக்குக் கொடுத்தேன். இடது கையில் ஒரு பட்டன் விழுந்துவிட, அம்மா அப்பாவின் பழைய மழைக்கோட்டிலிருந்து ஒன்றை அறுத்துத் தைத்தாள். மற்ற பட்டனைவிட இரண்டு மடங்கு பெரியது. நேற்று திரையில் அது நன்றாகத் தெரிந்தது.

ஆக, எண்பது பேர் சிரித்தது என் கோட்டைப் பார்த்து.

அக்டோபர் 21, வெள்ளி. கும்மிடிப்பூண்டி

அதே கோட்டு. பெயரும் வைத்துவிட்டார்கள், பச்சைக் கோட்டு என்று. முதலில் கிண்டியில் ஆடிய கோல்ஃப் ஆட்டம் ஐந்து நிமிஷம் காட்டினார்கள். ஒருவர் பந்தைத் தட்டுகிறார், இருபது பேர் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார்கள். ரங்கா ஏதோ சாவு வீட்டில் பேசுகிற மாதிரி மெல்லிசாகப் பேசினான். "கோலிகுண்டு வெளாட்றதுக்கு எதுக்குபா கோட்டு?" என்றான் தாவீது. கோபால் சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டான்.

நவம்பர் 4, வெள்ளி

இன்று நான் செய்தது எழுதவேண்டிய காரியம்.

ரங்காவின் பேச்சில் ஒரு பழக்கம். ஒரு வாக்கியம் சொல்வான். நிறுத்துவான். பந்து இரண்டு தடவை வலையைத் தாண்டிப் போய்வந்துவிடும். அப்புறம்தான் அடுத்த வாக்கியம். அந்த இடைவெளிக்காகவே மன்றத்தில் காத்திருக்கிறார்கள். "தூங்கிட்டாருபா, எழுப்புங்க." "நைனா, கரண்டு போயிட்சா?" "நாஷ்டாவுக்குப் போய்க்கினாரு, வந்துருவாரு."

அது என்ன இடைவெளி என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சின்ன வயசில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் பாசுரம் சொல்லிக்கொடுப்பார். ரங்கா ஒரு அடி, நான் அடுத்த அடி. நான் சொல்லி முடிக்கும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் விசிறிக்காம்பு முதுகில் விழும். பத்து வருஷம் தினமும் காலையில் அதுதான். அங்கே விளக்கு வெளிச்சத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்துகொண்டு அவன் இன்னும் என் அடிக்காகக் காத்திருக்கிறான்.

இது தெரிந்தவன் என்ன செய்தேன்? நிகழ்ச்சி முடிந்ததும் தாவீது எழுந்து பச்சைக் கோட்டு மாதிரி பேசிக் காட்டினான். அவ்வளவு சரியாக வரவில்லை. நான் சொன்னேன்: "அப்படி இல்லை தாவீது. நிறுத்தும்போது வலது காது மடலைப் பிடிச்சுக்கணும். கண்ணை மூடிக்கணும்."

தாவீது செய்தான். ரங்காவே எழுந்து நின்றது போல இருந்தது. கூரை பறந்தது. "அய்யிரே, நீ எமகாதகன்யா! எப்டி கண்டுகின?" என்று முதுகில் ஒன்று வைத்தான். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். டீ வந்தது. நான் அய்யர் இல்லை, அய்யங்கார் என்று நாலு வருஷமாகச் சொல்லி அலுத்தவன், இன்று அதைக்கூடச் சொல்லவில்லை. இந்த ஆலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கென்று யாரும் பெஞ்சில் நகர்ந்ததில்லை.

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதுவானேன்.

நவம்பர் 13, ஞாயிறு. திருவள்ளூர்

எங்கள் தெருவில் டெலிவிஷன் இருப்பது ஒரே வீட்டில். அங்கே ஜனங்கள் போவது ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குத்தான் என்று தைரியமாக இருந்தேன். இன்று ஸத்யபாமா சாதம் பரிமாறிக்கொண்டே, "அந்தாத்து மாமி கேட்டாளே, டிவியில பந்தாட்டம் சொல்றவர் உங்க மச்சினர் ஜாடையா இருக்காரேன்னு" என்றாள்.

பதில் சொன்னது அம்மா. கூடத்தில் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "யாரா இருந்தா எனக்கென்ன? அப்பா போனார்னு தந்தி போயும் வராதவன்."

வராதவன் இல்லை அம்மா. 

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

நவம்பர் 14, திங்கள். கும்மிடிப்பூண்டி

நேற்று நிறுத்தியதை எழுதிவிடுகிறேன்.

1971 மார்ச்சில் அப்பா போனார். தபாலாபீசுக்குப் போய்த் தந்திப் பாரத்தில் ரங்கா பெயர், திருநின்றவூர் விலாசம், அப்பா காலமானார் உடனே வா என்று இங்கிலீஷில் எழுதினேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். பிறகு இரண்டு. ஒருவர். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பாரத்தை நாலாக மடித்து டைரியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து "தந்தி குடுத்தாச்சு" என்றேன்.

கோயில்காரர்கள் என்ன சொல்வார்கள், காரியம் தடைப்படுமே என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. கடைசி நாலு நாளும் அப்பா கேட்டது, "ரங்கா வந்துட்டானா?" இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து வாய் துடைத்துவிட்டவன் நான். என்னை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. படி ஏறாதே என்று விரட்டினவனைத்தான் கூப்பிட்டார். எனக்கு ஆங்காரம். வேறொன்றும் இல்லை.

ஒரு மாசம் கழித்து யார் மூலமாகவோ தெரிந்து ரங்கா அம்மாவுக்குக் கடிதம் போட்டான். அப்புறம் இன்னொன்று. இரண்டும் என் கையில்தான் கிடைத்தது. இரண்டும் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

அவன் வாசப்படி ஏறினால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால்தான் பேசாமல் இருக்கிறேன். மன்றத்தில் பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லையே, சிரிப்பானேன்?

நவம்பர் 25, வெள்ளி

நேயர் கடிதங்களை டெலிவிஷனில் படிக்கிறார்கள். நம் ஆலை பெயரும் வரவேண்டும் என்று கோபாலுக்கு ஆசை. "அய்யிரே, உன் எழுத்துதான் அச்சு மாதிரி கீது. நீ எழுது." போஸ்ட்கார்டை நீட்டினான். ஆளுக்கொன்று சொன்னார்கள், நான் எழுதினேன்.

தங்கள் வாலிபால் வர்ணனையாளரின் பச்சைக் கோட்டு எங்கள் ஆலையில் மிகவும் பிரபலம். அது அவருடைய தாத்தாவினுடையதா, பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்ததா என்று அறிய ஆவல். அவர் பேச்சை நிறுத்தும் நேரத்தில் நாங்கள் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். இப்படிக்கு மன்ற உறுப்பினர்கள்.

தாத்தா என்பது என் கைச்சரக்கு. மற்றவை அவர்களுடையவை.

எழுதி முடித்துத் தபால்பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகு உறைத்தது. ரங்காவுக்கு என் கையெழுத்து தெரியும். எட்டாம் வகுப்பு வரை அவன் கட்டுரை நோட்டெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

தெரிந்தேதான் எழுதினேனோ?

டிசம்பர் 9, வெள்ளி

படித்துவிட்டார்கள். கடிதம் படிக்கிற அம்மாள் சிரித்துக்கொண்டே, "கறுப்பு வெள்ளைத் திரையில் பச்சை நிறம் பார்க்கும் கும்மிடிப்பூண்டி நேயர்களின் கண்களுக்கு எங்கள் வணக்கம்" என்றாள். மன்றத்தில் ஒரே விசில். யாருக்கும் வெட்கமில்லை. அந்தக் கண்ணாடித்தாளை ஒட்டி இரண்டு மாசமாகப் பார்த்து, கோட்டு பச்சை என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான்கூட எழுதும்போது பாக்குக் கலர் என்பதை மறந்துவிட்டேன். என் கோட்டை!

கடைசியில் அந்த அம்மாள், "வர்ணனையின் இடைவெளி பற்றி வேறு நேயர்களும் எழுதியிருக்கிறார்கள், நிலையம் கவனத்தில் கொள்ளும்" என்றாள். அதை மன்றத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

ரங்கா கோட்டு இல்லாமல் வந்தான். அரைக்கைச் சட்டை. கழுத்து எலும்பு தெரிகிறது. எவ்வளவு இளைத்திருக்கிறான். பேச்சை நிறுத்தவே இல்லை. யாரோ பின்னாலிருந்து துரத்துகிற மாதிரி ஓட்டமாக ஓடினான். காதைத் தொடக் கை பாதி வரை எழும், சட்டென்று மேஜைமேல் இறங்கிவிடும்.

"சோக்கா இல்லபா. கோட்டு இருந்தாத்தான் இவுருக்கு ஒரு கெத்து" என்றான் கோபால். பாதியிலேயே பலர் எழுந்து போய்விட்டார்கள்.

டிசம்பர் 23, வெள்ளி

வேறு ஆள். டை கட்டியிருக்கிறான். மூச்சு விடாமல் பேசுகிறான்.

1978 ஜனவரி 4, புதன்

மன்ற விலாசத்துக்குக் கவர். 'கார்டு எழுதியவருக்கு' என்று போட்டிருந்தது. கோபால் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். இங்கே ஒட்டி வைக்காமல் எழுதியே வைக்கிறேன். காகிதத்தை வைத்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை.

"அண்ணாவுக்கு ரங்கா நமஸ்காரம். கார்டை நிலையத்துல எங்கிட்டயே குடுத்தா. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமா இருந்தது. அப்புறம்தான் படிச்சேன். கோட்டு பச்சை இல்லை அண்ணா, பாக்குக் கலர். உனக்குத் தெரியாதா? ஆத்துக்குப் போட்ட லெட்டருக்கு பதில் இல்லை. வாசப்படி ஏற எனக்கு தைரியம் இல்லை. இந்தக் கோட்டைப் போட்டுண்டு உக்காந்தா ஆத்துல யாராவது பார்த்து, அடையாளம் கண்டுண்டு, ஒரு வரி எழுதுவேள்னு நினைச்சேன். அந்த லைட்டுல தொப்பமா வேர்க்கும். ஆனாலும் போட்டுண்டேன். நீ அடையாளம் கண்டுண்டுட்டேன்னு தெரியறது. இனிமே போட்டுக்கலை. அம்மா சௌக்கியமா? அது மட்டும் எழுது."

அது மட்டும் எழுது.

அப்பா காரியத்துக்கு ஏன் சொல்லலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்தப் பாவி! கேட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வாய் இருந்திருக்கும்.

ஜனவரி 6, வெள்ளி

தாவீது கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தான். சீட்டை வாங்கிக்கொண்டு, கையுறையை எடுக்காமலே சொல்லிவிட்டேன்.

"தாவீது, அந்தப் பச்சைக் கோட்டு என் தம்பி."

"எந்தத் தம்பி? ஊர்த் தம்பியா?"

"கூடப் பிறந்தவன்."

என் முகத்தையே பார்த்தான். "காது புட்ச்சிகினு நிப்பாருன்னு நீதான சொல்லிக் குட்த்த?"

"ஆமாம்."

"கார்டும் நீதான எழுதின?"

"ஆமாம்."

அவன் குரல் எழும்பியது. "எனக்கும் ஒரு அண்ணன் கீறான் அய்யிரே. பேச்சுவார்த்த கெடியாது. ஆனா எவனாச்சும் என் எதுருல அவன பத்தி ஒரு சொல்லு சொல்லட்டும், பார்க்கலாம். நாங்க யாரோ எவுரோன்னுதான சிரிச்சோம்? எங்கள இன்னா ஆளாக்கிட்ட நீ! இனிமே அந்தாளு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன், சொல்லு."

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கையுறை இல்லாமல்தான் இன்று ஃபர்னஸில் நின்றிருக்கிறான். நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், வாங்கவில்லை.

சாயங்காலம் மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோபால் திரைக்குப் பக்கத்தில் போய், "சனியன் புட்ச்சது" என்று கண்ணாடித்தாளை நகத்தால் உரித்து, சுருட்டி, வெளியே எறிந்தான். பெஞ்சில் எனக்கு இடம் இருந்தது. உட்காரவில்லை.

ஜனவரி 15, ஞாயிறு. திருவள்ளூர்

பொங்கலுக்கு ஊரில் மூன்று நாள். அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். கோழை.

பிப்ரவரி 7, செவ்வாய்

தை அமாவாசை. ஊர் கொள்ளாத கூட்டம். விடியுமுன்பே குளத்துப் படியெல்லாம் தலை. முட்டி வலி போகவேண்டும் என்று அம்மா அமாவாசை தவறாமல் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவாள். இன்றும் ஸத்யபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வந்தாள். நான் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு எழுந்தேன்.

அம்மா எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள். "நீ ஒருத்தனாவது எள்ளும் தண்ணியும் இறைக்கறியே. அவனுக்குப் பதிலா நான் ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருக்கலாம்."

ஏழு வருஷமாக அமாவாசைதோறும் கேட்கிற வார்த்தை. இன்று பொறுக்கவில்லை. உள்ளே போய் 1971 டைரியை எடுத்துவந்து, மடித்திருந்த பாரத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன்.

"என்னடா இது?"

"அப்பா போன அன்னிக்கு ரங்காவுக்கு எழுதின தந்தி. நான் குடுக்கலைம்மா."

"குடுக்கலைன்னா?"

"அனுப்பலை. அவனுக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சு உனக்கு லெட்டர் போட்டான். ரெண்டு போட்டான். நான் அடுப்புல போட்டுட்டேன்."

அம்மா பாரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. "ஏண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா அவனைத்தானே கேட்டுண்டே இருந்தார். பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்." ஐம்பது வயசை நெருங்குகிறவன், குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டு சொன்னேன்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏழு வருஷம்டா. அமாவாசைக்கு அமாவாசை, பெத்த வாயால அவனைச் சபிச்சேன். அவன் ஒண்ணும் பண்ணலை. என்னை அதைப் பண்ண வெச்சது நீ." பிறகு ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள்: "முட்டி வலிக்கு வெல்லத்தைக் கரைச்சேன். இதுக்கு நான் எதைக் கரைக்கறது?"

தாவீது சொன்னதும் இதேதானே. எங்களை என்ன ஆளாக்கிவிட்டாய் என்று.

பிப்ரவரி 8, புதன்

அம்மா என்னோடு பேசவில்லை. ஸத்யபாமாவிடம், "ஞாயித்துக்கெழமை எனக்கு வழி மட்டும் காட்டச் சொல்லு" என்றாளாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

திருநின்றவூர். அரைமணி ரயில்கூட இல்லை. இவ்வளவு வருஷமும் மெட்ராஸ் போகும்போதெல்லாம் அந்த ஸ்டேஷன் வந்தால் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்வேன். இன்று அம்மா ஸ்டேஷன் பக்க ஜன்னலில் உட்கார்ந்து, ஸ்டேஷன் வருமுன்பே எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஏரிக்கரையை ஒட்டிப் புது மனைகளில் ஒரு ஓட்டு வீடு. விக்டோரியாதான் கதவைத் திறந்தாள். முன்னே பின்னே பார்த்ததில்லை, ஆனால் பார்த்ததுமே தெரிந்துகொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "இங்க வாங்க, அம்மா வந்திருக்காங்க!"

ரங்கா வந்தான். அம்மாவைப் பார்த்தவன், படி ஏறாதே என்று அப்பா சொன்னது தன் வீட்டுப் படிக்கும் பொருந்தும் போல, உள்பக்கத்து நிலையிலேயே நின்றுவிட்டான். அம்மா தானே படி ஏறிப் போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். "எனக்குத் தெரியாதுடா, எனக்குத் தெரியாதுடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். விக்டோரியா என்ன செய்வது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "கொஞ்சம் தீர்த்தம் குடும்மா" என்றாள். அந்தப் பெண் ஓட்டமாகக் கொண்டுவந்ததில் பாதி தரையில் கொட்டிவிட்டது. மீதியை அம்மா குடித்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். சுவரில் ஆணியில் கோட்டு தொங்கியது. பாக்குக் கலர்தான். ரங்கா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினான். "கோட்டை எடுத்துண்டு போறியா? உன்னுதுதானே."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பாமலே ரங்காவிடம் சொன்னாள்: "அவனைப் போகச் சொல்லு. நான் இங்க இருக்கேன். என் தளிகையை நானே பண்ணிப்பேன். ஸத்யபாமாகிட்டச் சொல்லி என் புடவை நாலு அனுப்பச் சொல்லு." ஐந்து நாளில் என் காதுபட என்னைக் குறித்து அவள் பேசியது இதுதான். இதுவும் என்னிடம் இல்லை.

மார்ச் 3, வெள்ளி. கும்மிடிப்பூண்டி

மன்றத்தில் இன்னொரு கார்டு. என்னை எழுதச் சொல்லவில்லை. தாவீதே பென்சிலை எச்சில் தொட்டுத் தொட்டு எழுதினான். கோபால் சத்தமாகப் படித்தான்.

அய்யா, அந்த கோட்டு சாரை மறுபடியும் போடுங்க. புது ஆள் நல்லா பேசறார் ஆனா ஆட்டம் பாக்க வுட மாட்றார். கோட்டு சார் நிறுத்துவார். அப்ப நாங்க ஆட்டம் பாத்தோம். அது எங்களுக்கு அப்ப தெரியல. கிண்டல் பண்ணதுக்கு மன்னிக்கவும்.

கார்டில் இடம் போதாமல் ஒரு முழுத்தாளை இணைத்துக் கவரில் போட்டார்கள். அறுபத்து மூன்று பேர் கையெழுத்து, நாலைந்து பேர் கைநாட்டு. கடைசியில் தாவீது தாளை என் பக்கம் தள்ளினான். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் தள்ளினான்.

பா. சடகோபன் என்று போட்டேன். பக்கத்தில், 'வர்ணனையாளரின் அண்ணன்' என்று எழுதினேன். தாவீது அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்தான்.

மார்ச் 26, ஞாயிறு. திருவள்ளூர்

அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். பதில் வராத கடிதம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 21, வெள்ளி. கும்மிடிப்பூண்டி

ஸ்டோர் கூரையை இன்று மாற்றிவிட்டார்கள். இனி எழுத ஒரு வேலை குறைந்தது.

சாயங்காலம் வாலிபால். ரங்கா வந்தான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வணக்கம் சொன்னான். கோட்டு போட்டிருந்தான்.

மன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னான். நிறுத்தினான். எண்பது பேரும் பேசாமல் பந்தைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் என் உதடு தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் காது மடலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, அடுத்த வாக்கியத்துக்குப் போனான்.

"கோட்டு இன்னிக்கி சரியா குந்திகினு கீதுபா" என்றான் கோபால், மெதுவாக.

நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். தோள் இரண்டையும் பிரித்துப் பிடித்துத் தைத்திருக்கிறது. கையை இரண்டு விரற்கடை குறைத்திருக்கிறது. இடது கையில் அந்தப் பெரிய பட்டன் மட்டும் அப்படியே இருக்கிறது. வேறு யாரும் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிகிறது. முட்டியும் பரவாயில்லை போலிருக்கிறது, உட்கார்ந்து தைத்திருக்கிறாளே.

அந்தக் கோட்டு இனி எனக்குப் பத்தாது.